பள்ளிக்கூடத்தின் சாவி யார் கையில்? ஹூஸ்டன் நகரம் சொல்லும் பாடம்

2024 நவம்பர் 5. அமெரிக்கா முழுவதும் அதிபர் தேர்தல் பரபரப்பில் இருந்த அந்த நாளில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகர வாக்காளர்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நகரத்து அரசுப் பள்ளிகளைப் பழுது பார்க்கவும், புதிய கட்டடங்கள் எழுப்பவும் 440 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரம் வெளியிட அனுமதி தருகிறீர்களா என்பதுதான் அந்தக் கேள்வி. டெக்சாஸ் வரலாற்றில் அதுவரை எந்தப் பள்ளி நிர்வாகமும் இவ்வளவு பெரிய தொகையை மக்களிடம் கேட்டதில்லை.

கட்டடங்கள் பழையவை. பணம் தேவை. இதை எதிர்த்து வாக்களித்தவர்களும் மறுக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வரும் பணத்தைத் தாங்களே தடுத்தார்கள். 'நம்பிக்கை இல்லை, ஆகவே பத்திரமும் இல்லை' என்பதே அவர்களின் முழக்கமாக இருந்தது.

எந்தப் பெற்றோரும் மனம் விரும்பி இப்படிச் செய்யமாட்டார்கள். அப்படியானால் அவர்களை இந்த முடிவுக்குத் தள்ளியது எது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நகரத்துப் பள்ளிகளை நடத்த வேண்டியவர்கள் உள்ளூர் மக்களா, மாநில அரசா என்ற நீண்ட வழக்கின் நடுவில் போய் நிற்போம். அந்த வழக்கு அமெரிக்காவில் இன்று சூடாக நடந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் டெக்சாஸ் அரசு ஃபோர்ட் வொர்த் நகரத்துப் பள்ளி நிர்வாகத்தையும் கையில் எடுப்பதாக அறிவித்தது. ஏறத்தாழ 70,000 மாணவர்கள் படிக்கும் நிர்வாகம் அது.

அங்கே பள்ளிகள் எப்படி நடக்கின்றன?

அமெரிக்காவின் கூட்டாட்சி அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களோ அந்தப் பொறுப்பை ஊர்தோறும் 'கல்வி மாவட்டம்' என்ற அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. டெக்சாஸ் போன்ற பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் கல்வி மாவட்டம் நகராட்சியின் ஒரு பிரிவு அல்ல; தனி அமைப்பு. அதற்கென்று தனித் தேர்தல் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு. வீடு, நிலத்தின் மீது வரி விதிக்கும் உரிமையும் உண்டு. தலைமைக் கண்காணிப்பாளரை நியமிப்பது, ஆசிரியர் சம்பளத்தை முடிவு செய்வது, எந்தப் பள்ளியை மூடுவது, எதைத் திறப்பது எல்லாம் அந்த வாரியத்தின் கையில்.

ஹூஸ்டன் கல்வி மாவட்டம் டெக்சாஸிலேயே பெரியது. 2023ஆம் ஆண்டில் 270க்கும் மேற்பட்ட பள்ளிகள், ஏறத்தாழ 1,90,000 மாணவர்கள். அவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பெரும்பான்மையினர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அடுத்து கறுப்பின மக்கள். ஒன்பது உறுப்பினர்கள் கொண்ட வாரியத்தை நகரம் ஒன்பது தொகுதிகளாகப் பிரிந்து தேர்ந்தெடுத்து வந்தது.

2023 ஜூன் 1 அன்று அந்த ஒன்பது பேரின் அதிகாரமும் பறிக்கப்பட்டது. மாநிலக் கல்வி ஆணையர் மைக் மொராத், ஒன்பது பேர் கொண்ட நிர்வாகிகள் குழு ஒன்றை நியமித்தார். டல்லாஸ் நகரத்தில் முன்பு கண்காணிப்பாளராக இருந்த மைக் மைல்ஸ் என்பவரை ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்து அமர்த்தினார். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் 'தனி அலுவலர்' வந்து உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோன்ற ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், ஹூஸ்டனில் தேர்தல் நிற்கவில்லை. வாரியத்துக்கு மக்கள் தொடர்ந்து வாக்களிக்கிறார்கள். வெற்றி பெற்றவர்களுக்கு அதிகாரம்தான் இல்லை.

ஒரு பள்ளியால் விழுந்த ஒரு நகரம்

இதற்கெல்லாம் காரணமான சட்டம் 2015இல் வந்தது. ஒரு கல்வி மாவட்டத்தில் ஏதேனும் ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மாநிலத்தின் தர மதிப்பீட்டில் தோற்றால், ஆணையர் இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். அந்தப் பள்ளியை மூட வேண்டும். அல்லது மொத்த மாவட்டத்தின் வாரியத்தையும் நீக்கிவிட்டுத் தம் ஆட்களை அமர்த்த வேண்டும்.

ஹூஸ்டனில் அப்படித் தோற்ற பள்ளி ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளி. கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் ஐந்தாவது வார்டில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, 1773இல் கவிதை நூல் வெளியிட்ட பெண்ணின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் முழங்கிய பார்பரா ஜோர்டன் படித்த பள்ளியும் அதுவே.

இங்கே ஒரு செய்தியை நாம் மறைத்துவிடக் கூடாது. அந்தச் சட்ட விதியைக் கொண்டுவந்தவர் வெளியூர்க்காரரோ, கறுப்பின மக்களுக்கு எதிரானவரோ அல்லர். ஹரோல்ட் டட்டன் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அவர் கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சிக்காரர், அதே வீட்லி பள்ளியின் பழைய மாணவர். தம் தொகுதிப் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் சீரழிவதை வாரியம் கண்டுகொள்ளவில்லை என்ற ஆதங்கத்தில்தான் அவர் அதைச் செய்தார்.

அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை சேருகிறது. 'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்துவிடுகிறது. தேர்தல் திரும்ப வரும். பிள்ளையின் பத்து வயது திரும்ப வராது. 'எங்கள் வாரியம், எங்கள் உரிமை' என்ற வாதத்துக்கு முன்னால் இந்த உண்மை கனமாக நிற்கிறது. அந்த வாரியத்துக்குள் கோஷ்டிச் சண்டைகள் இருந்தன. உறுப்பினர்கள் திறந்த கூட்ட விதிகளை மீறி ரகசியமாகக் கூடிப் பேசினார்கள் என்று மாநில விசாரணை குற்றம் சாட்டியது.

2019 நவம்பரில் மொராத் நிர்வாகத்தைக் கையில் எடுப்பதாக அறிவித்தார். வாரியம் நீதிமன்றம் போனது, தடையும் பெற்றது. 2023 ஜனவரியில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மார்ச் மாதம் அறிவிப்பு மீண்டும் வந்தது.

இதற்கிடையே என்ன நடந்தது தெரியுமா? வழக்கு நடந்த காலத்திலேயே வீட்லி பள்ளி தேறிவிட்டது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு 'சி' தரம் கிடைத்தது. மொத்த மாவட்டத்துக்கும் 'பி' தரம். நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அறுவை சிகிச்சைக்கு ஆள் வந்தது போல ஆயிற்று. சட்டம் பழைய தோல்வியை எண்ணியது. புதிய நிலையைப் பார்க்கவில்லை. ஹூஸ்டன் பெற்றோரின் சந்தேகம் இங்கேதான் முளைத்தது.

கூடியது என்ன, குறைந்தது என்ன?

மைல்ஸ் கொண்டுவந்த திட்டத்துக்குப் 'புதிய கல்வி முறை' என்று பெயர். முதல் ஆண்டில் 85 பள்ளிகள், அடுத்த ஆண்டில் 130 பள்ளிகள் அதற்குள் வந்தன. பாடம் மேலிடத்தில் தயாராகித் திரைக்காட்சிகளாக ஆசிரியர் கைக்கு வரும். நிமிடக் கணக்கு வைத்துப் பாடம் நடத்த வேண்டும். பாடம் முடிந்ததும் அன்றன்றே சிறு தேர்வு. தேறிய பிள்ளைகள் வேறு அறைக்குப் போய் மேற்கொண்டு படிக்க, தேறாதவர்களுக்கு அதே பாடம் மீண்டும் நடத்தப்படும். இந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களின் சம்பளம் உயர்த்தப்பட்டது.

பலன் கிடைத்ததா? மாநிலத் தேர்வுகளின்படி கிடைத்தது. 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் 56 பள்ளிகள் 'எஃப்' தரத்தில், அதாவது கடைசிப் படியில் இருந்தன. 2025 மதிப்பீட்டில் அந்தப் படியில் ஒரு பள்ளிகூட இல்லை. 'ஏ', 'பி' தரம் பெற்ற பள்ளிகளின் எண்ணிக்கை 93இலிருந்து 197 ஆனது. எதிர்ப்பாளர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். நாம் தயங்கத் தேவையில்லை. கணக்கு தெரியாமல் இருந்த பிள்ளைக்குக் கணக்கு வந்தால் அது நல்ல செய்திதான். அதை யார் செய்தார்கள் என்பதற்காகக் கெட்ட செய்தி ஆகிவிடாது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இத்திட்டத்தில் சேர்ந்த பல பள்ளிகளில் நூலகர்கள் நீக்கப்பட்டார்கள். நூலக அறைகள், ஒழுங்கு மீறியதாக வகுப்பிலிருந்து அனுப்பப்படும் மாணவர்கள் கணினித் திரையில் பாடம் பார்க்கும் இடங்களாகவும் மாறின. ஏழைப் பிள்ளையின் வீட்டில் புத்தக அலமாரி இருப்பதில்லை. அதற்கு இருந்த ஒரே அலமாரியும் இப்படிப் போனது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வெளியேறினார்கள். மாணவர் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குறைகிறது. பிறப்பு விகிதம், வீட்டு வாடகை என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிர்வாகத்தின் மீதுள்ள அதிருப்தியும் ஒரு காரணம் என்று வெளியேறிய குடும்பங்கள் பல சொல்கின்றன.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. நூலகத்தை மூடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் பேசினார்கள்; வரிசையில் நின்று பேசினார்கள். குழு கேட்டுக்கொண்டது, பிறகு தன் வழியில் போனது. அந்தக் குழுவை அமர்த்தியது மக்கள் அல்ல; ஆணையர். ஆணையரை அமர்த்தியதும் மக்கள் அல்ல, மாநில ஆளுநர். ஐந்தாவது வார்டில் உள்ள ஒரு தாய் தன் பிள்ளையின் பள்ளி நூலகத்துக்காக மாநில ஆளுநரை மாற்ற வேண்டுமா? அது நடக்கிற காரியமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்வு வைப்பது மாநிலம்; தரம் போடுவது மாநிலம்; இப்போது பள்ளியை நடத்துவதும் மாநிலம் அமர்த்தியவர்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவன் நேர்மையானவனாகவே இருக்கலாம். ஆனாலும் அடுத்த பெஞ்சில் இருப்பவனுக்கு நம்பிக்கை வராது.

இந்தப் பின்னணியில்தான் 440 கோடி டாலர் கேள்வி வந்தது. மக்களுக்கு மிச்சமிருந்த ஒரே அதிகாரம் வரிப்பணத்துக்கு ஒப்புதல் தருவது. அந்த ஒன்றைப் பயன்படுத்தி அவர்கள் 'இல்லை' என்றார்கள். மதிப்பெண்ணை ஆணையிட்டு உயர்த்த முடிந்த மாநிலத்தால், நம்பிக்கையை ஆணையிட்டு வரவழைக்க முடியவில்லை. இழப்பு பிள்ளைகளுக்குத்தான். 2025 ஜூன் மாதம் ஆணையர், குழுவில் நான்கு பேரை மாற்றிவிட்டு, மாநிலக் கட்டுப்பாட்டை 2027 ஜூன் வரை நீட்டித்தார்.

'உள்ளூர் உரிமை' யாருக்காகப் பேசப்பட்டது?

இந்த விவகாரத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

அதே டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தில், எட்ஜ்வுட் என்ற ஏழைக் கல்வி மாவட்டம். அங்கே வாழ்ந்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் 1968இல் வழக்குத் தொடுத்தார்கள். 'எங்கள் வீடுகளுக்கு விலை இல்லை. அதனால் சொத்து வரி குறைவு. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. பக்கத்துப் பணக்காரப் பகுதிக்குக் கிடைப்பது எங்களுக்கும் கிடைக்க வேண்டும்' என்பது அவர்கள் வாதம். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. தள்ளுவதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பள்ளிகள் மீது உள்ளூர் மக்களுக்குள்ள கட்டுப்பாட்டைக் காக்க வேண்டும் என்பது. 1989இல்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மாநிலச் சாசனத்தின் அடிப்படையில் அந்த நிதி ஏற்பாடு தவறு என்றது.

அடுத்து டெட்ராய்ட். 1970களில் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள். சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளிகளில் வெள்ளையினப் பிள்ளைகள். நகரத்தையும் புறநகரையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கக் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1974இல் உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐந்துக்கு நான்கு, அந்த உத்தரவை ரத்து செய்தது. அங்கும் பேசப்பட்டது உள்ளூர்க் கட்டுப்பாடு என்ற மரபின் பெருமைதான்.

அதே டெட்ராய்டில் 25 ஆண்டுகள் கழித்து, 1999இல், மிச்சிகன் மாநிலம் சட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை நீக்கியது. அப்போது உள்ளூர்க் கட்டுப்பாடு என்ற மரபு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அப்போது டெட்ராய்ட் பள்ளிகளின் கணக்கில் உபரிப் பணம் இருந்தது. 2005இல் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது பற்றாக்குறை இருந்தது. 2009இல் மாநிலம் அவசரகால நிதி மேலாளரை அனுப்பி மறுபடி உள்ளே வந்தது. ஒருவர் பின் ஒருவராக மேலாளர்கள் மாறினார்கள். நகரம் காலியானது, சார்ட்டர் பள்ளிகள் பெருகின, மாணவர்கள் கரைந்தார்கள். 1999இல் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கை 2016இல் 50,000க்கும் கீழே போனது. அந்த ஆண்டு தொடக்கத்தில், பூஞ்சை பிடித்த சுவர்களையும் ஒழுகும் கூரைகளையும் காட்டி ஆசிரியர்கள் கூட்டமாக விடுப்பு எடுத்தார்கள். கடைசியில் மாநிலமே 61.7 கோடி டாலர் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. 2017 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் திரும்பி வந்தது.

நாம் சொல்ல வருவது இதுதான். ஏழை மக்கள் சமமான பணம் கேட்டபோது 'உள்ளூர் உரிமை புனிதமானது' என்றார்கள். அதே ஏழை மக்கள் உள்ளூர் உரிமையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது 'தரம்தான் முக்கியம், உரிமை பிறகு' என்றார்கள். கொள்கை ஒன்றாக இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்திருக்கும். மாநிலம் கையில் எடுத்த நகரங்களின் பட்டியலில் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் நகரங்களே அதிகம் இருப்பதை அரசியல் ஆய்வாளர் டொமிங்கோ மோரல் 2018இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

மாநிலம் எடுத்தால் முன்னேற்றமே வராது என்று சொல்லவும் முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தை 2011இல் மாநிலம் எடுத்தது. கணிதத்தில் நல்ல முன்னேற்றம் வந்தது. கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் 100க்கும் மேற்பட்ட பள்ளிகளை லூசியானா மாநிலம் எடுத்தது, தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் அங்கே 7,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பாக இருந்த ஆசிரியர்கள் அவர்களில் பலர். பள்ளிகள் 2018இல்தான் உள்ளூர் வாரியத்துக்குத் திரும்பின. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரம் 1995இல் இழந்த உரிமையைத் திரும்பப் பெற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும் காலம் அது.

மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்? பெத் ஷூலர், ஜோஷுவா பிளைபெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2011 முதல் 2016 வரை மாநிலங்கள் எடுத்த மாவட்டங்களைத் தேசிய அளவில் ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் மாணவர்களின் கல்வித் தேர்ச்சி உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு. சில இடங்களில் ஏற்றம், சில இடங்களில் இறக்கம். ஆக, அதிகாரத்தை மேலே கொண்டுபோவதே மருந்து ஆகிவிடாது.

உள்ளூர் என்பதும் தூய்மையானது அல்ல

இப்படிச் சொல்வதால் உள்ளூர் வாரியங்களுக்கு நாம் நற்சான்று தருகிறோம் என்று எண்ண வேண்டாம். வாரியத் தேர்தல்களில் வாக்களிப்பவர்கள் மிகச் சிலர். ஹூஸ்டனில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு வாக்கே இல்லை. ஆகவே 'உள்ளூர் மக்கள்' என்பதும் 'பிள்ளைகளின் பெற்றோர்' என்பதும் ஒன்றல்ல. வெள்ளையின மக்கள் உள்ளூர் வாரியங்களை வைத்துக்கொண்டு கறுப்பினப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி வைத்த காலமும் இருந்தது. அந்த வாசல் மேலிடத் தலையீட்டால்தான் திறந்தது. சிறுபான்மையினர் இதை மறக்கக் கூடாது.

அதே சிறுபான்மையினர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2025இல் டெக்சாஸ் சட்டமன்றம், அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. யூத, கிறித்தவ, இந்துக் குடும்பங்களும் மதம் சாராத குடும்பங்களும் சேர்ந்து நீதிமன்றம் போயின. மேலிடம் வாசலைத் திறக்கவும் செய்யும்; சுவரில் எது தொங்க வேண்டும் என்று கட்டளையிடவும் செய்யும். மேலிடம் நல்லதா, உள்ளூர் நல்லதா என்ற கேள்வியே போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பணத்தையும் பேச வேண்டும். டெக்சாஸ் மாநிலம் ஒரு மாணவனுக்கு ஓர் ஆண்டுக்கு ஒதுக்கும் அடிப்படைத் தொகை 6,160 டாலர். 2019இல் நிர்ணயித்த அந்தத் தொகை, விலைவாசி ஏறிய இத்தனை ஆண்டுகளும் மாறாமல் கிடந்தது. 2025இல் உயர்த்தினார்கள், எவ்வளவு? 55 டாலர். பள்ளி தோற்றால் வாரியத்தைக் கேள்வி கேட்க மாநிலத்துக்குச் சட்டம் இருக்கிறது. மாநிலம் தன் பங்கைத் தராவிட்டால் மாநிலத்தைக் கையில் எடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பாடம்

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பசியால்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பதைக் கோட்டையில் இருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மாநகராட்சி கண்டுபிடித்தது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது, வருகையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு சொன்னதால் 1925இல் அது நின்றது.

பின்னர் 1950களில் காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுவதற்கும் மதிய உணவு போனது. ஒரு மாநகராட்சியால் அதைச் செய்திருக்க முடியாது. மாநில அரசால்தான் முடிந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பசியைப் பார்க்கும் கண் உள்ளூரில் இருக்கிறது. அதைத் தீர்க்கும் கை மாநிலத்திடம் இருக்கிறது. கண்ணைப் பிடுங்கிவிட்டுக் கை மட்டும் வேலை செய்தால் தடவித்தான் திரிய வேண்டும். கை இல்லாமல் கண் மட்டும் இருந்தால் பார்த்து அழத்தான் முடியும்.

இன்றும் சென்னையில் மாநகராட்சி தன் பெயரில் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, மாநகராட்சிப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு தாய் எந்தக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியும்? ஹூஸ்டனுக்காகப் பேசுகிற நாம், அந்த ஐந்து ஆண்டுகளில் இதைப் பற்றி எவ்வளவு பேசினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

ஹூஸ்டனின் படிப்பினையை நாம் இப்படிப் புரிந்துகொள்கிறோம். பள்ளியின் சாவி மாநிலத்திடம் இருக்கலாம், வாரியத்திடம் இருக்கலாம். யாரிடம் இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பெற்றோர் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? தவறு செய்தால் அவரை மாற்றும் வழி எது? அவசரத்துக்காக எடுத்த அதிகாரத்தைத் திருப்பித் தரும் நாள் எது? மூன்றுக்கும் பதில் இருந்தால் மாநிலத்தின் தலையீடு உதவி. இல்லையென்றால் அது வெறும் கைப்பற்றல். மதிப்பெண் உயர்ந்தாலும் கைப்பற்றல்தான்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. நம் பகுதி அரசுப் பள்ளியில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்ட அறிவிப்பு வந்தால் 'எனக்கு வேலை இருக்கிறது' என்று கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்? 'பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டேன், அரசுப் பள்ளி எனக்கெதற்கு' என்று ஒதுங்குகிறவர்கள் எத்தனை பேர்? நம் தெருவில் ஆட்டோ ஓட்டுபவரின் மகளும், பாய்க்கடையில் வேலை பார்ப்பவரின் மகனும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

ஹூஸ்டன் பெற்றோர் இழந்த பிறகுதான் அந்த உரிமையின் விலையை உணர்ந்தார்கள். வாரியத் தேர்தலுக்குப் போகாதவர்களும் வாரியம் போன பிறகு வீதிக்கு வந்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் நாற்காலி சிறியதுதான். ஆனால் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்கார்ந்த பிறகு புகார் சொல்வதில் பயனில்லை.

பிள்ளைகளின் படிப்பு ஓர் அமானிதம். அதை அரசிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஒப்படைத்தவன் அவ்வப்போது போய்க் கேட்க வேண்டும். அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, நாம் போவோமா?